சாவியும் திறப்பும்: பிரிக்பீல்ட்சில் மோட்டார் சைக்கிள் பூட்டின் வரலாறு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அருகருகே புழங்கி வந்திருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அதைச் 'சாவி' என்றன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் 'திறப்பு' என்றனர். கடைத்தெருவிலும் அரசு அலுவலகத்திலும் பேசப்பட்ட மலாய் மொழி அதைக் 'குஞ்சி' என்றது. சாவி என்பது போர்த்துகீசியரிடமிருந்து வந்து தமிழில் ஒட்டிக்கொண்ட சொல். திறப்பு, தான் செய்யும் வேலையையே பெயராகக் கொண்ட பழந்தமிழ் வேரிலிருந்து பிறந்த சொல். குஞ்சி, 'குஞ்சிகா' என்னும் வடசொல்லின் வழிவந்தது. மலாய் மொழி இன்னும் ஒரு படி மேலே சென்று, பூட்டைத் தாய் என்ற பொருளில் 'ஈபு குஞ்சி' என்றும், சாவியைப் பிள்ளை என்ற பொருளில் 'அனாக் குஞ்சி' என்றும் உறவுமுறை சொல்லி அழைக்கிறது. பிள்ளை எங்கே போயிற்று, யார் கையில் இருக்கிறது என்று தாய் அறியாத நிலையே திருட்டுக்கு இடம் தருகிறது என்று கொண்டால், இந்த வட்டாரத்தில் வண்டிப் பூட்டு கடந்து வந்த பாதை முழுவதையும் அந்த உறவுமுறையைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

வட்டாரத்தின் பெயரே ஒரு பாதுகாப்பு நடவடிக்கையின் எச்சம். 1881 ஜனவரியில் தீயும் அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளமும் மரத்தாலும் அத்தாப்பு எனப்படும் ஓலைக்கூரையாலும் ஆன கோலாலம்பூரை அழித்தபின், சிலாங்கூரின் பிரிட்டிஷ் ஆலோசகராக 1882-இல் வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்பும்படி வற்புறுத்தினார். அதற்கான செங்கல் சூளைகள், சீனர் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோயின் சூளை உட்பட, நகரின் தென்புறக் களிமண் நிலத்தில் எழுந்தன. 1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையின் புக்கிட் கூடாவையும் இணைத்த இருப்புப்பாதை இந்நிலத்தின் ஓரமாகவே ஓடியது. சூளைகள் மறைந்த இடத்தில் இரயில் பணிமனைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் வந்தன. தண்டவாளம் பதிக்கத் தமிழ்நாட்டுத் தொழிலாளரும், நிலைய அதிபர், எழுத்தர் பணிகளுக்கு யாழ்ப்பாணத்துப் படித்தவர்களும் அழைத்து வரப்பட்டனர். ஸ்காட் சாலையின் கந்தசுவாமி கோயிலும், 1904-இல் தொடங்கப்பட்ட விவேகானந்தா ஆசிரமமும், ரொசாரியோ சாலையை ஒட்டி வரிசை வரிசையாக நின்று பின்னாளில் இடிக்கப்பட்ட 'நூறு குவார்ட்டர்ஸ்' வீடுகளும் அந்தக் குடியேற்றத்தின் அடையாளங்கள்.

இரயில் குடும்பங்கள் வாழ்ந்த இடம் என்பதால், சாவி என்றால் என்ன என்பதற்கு வேறோர் ஆழமான விளக்கம் இங்கே அன்றாடப் பேச்சிலேயே இருந்தது. மலாயாவின் இருப்புப்பாதைகளில் பெரும்பகுதி ஒற்றைத் தடம். ஒரே தடத்தில் எதிரெதிராக இரண்டு வண்டிகள் வந்துவிடாமல் காப்பது உயிர்ப் பிரச்சினை. இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில் 1874-இல் இரண்டு இரயில்கள் நேருக்கு நேர் மோதிய பேரழிவுக்குப் பின், எட்வர்டு டயர் என்பவர் 1878-இல் இதற்கொரு கருவியை அமைத்தார். அதன் வழித்தோன்றல்களே பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி இரயில்வேக்களில் பரவிய 'டோக்கன்' முறை. இரண்டு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட இரும்புப் பெட்டிகள் இருக்கும். அவற்றுள் நீண்ட சாவிகளைப் போன்ற உலோகத் தண்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். எதிர் நிலையத்து அதிபர் தம் பெட்டியின் பொத்தானை அழுத்தி இசைவு தந்தாலன்றி இந்த நிலையத்தில் ஒரு தண்டையும் உருவ முடியாது. ஒரு தண்டு வெளியே வந்துவிட்டால், அது மறுமுனைப் பெட்டிக்குள்ளோ புறப்பட்ட பெட்டிக்குள்ளோ திரும்பச் சேரும்வரை இரண்டாவது தண்டு எந்த முனையிலும் வெளிவராது. அந்தத் தண்டைக் கையில் வாங்காத ஓட்டுநர் வண்டியை நகர்த்தக் கூடாது. அடுத்தடுத்த பகுதிகளின் தண்டுகளுக்கு முனை வடிவம் வேறு வேறாக இருந்ததால், ஒரு பகுதிக்குரியதை மற்றொரு பெட்டியில் தவறியும் நுழைக்க முடியாது. சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் மலாயா இரயில்வேயின் இந்த வழக்கம், ஓடும் வண்டியில் வளையத்தோடு டோக்கனைக் கைமாற்றும் காட்சியோடு, 2011 வரை நீடித்தது.

இரும்பைத் திறப்பதற்கென்று அமைந்த பொருளாக அன்றி, இசைவைச் சுமந்து செல்லும் பொருளாகச் சாவி அங்கே செயற்பட்டது. எத்தனை சாவிகள் உள்ளன, அவற்றுள் எது எங்கே இருக்கிறது, யார் கேட்டார், யார் இசைந்தார் என்ற கணக்கு ஒவ்வொரு நிமிடமும் இருமுனையிலும் தெரிந்திருந்தது என்பதே அதன் வலிமை. நூறாண்டுகளுக்குப் பின் அதே வட்டாரத்தின் தெருக்களில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களில் வானொலி அலையால் இயங்கும் சாவிகள் வந்தபோது, பொறியாளர்கள் திரும்பிச் சென்றது இந்தப் பழைய தத்துவத்துக்கே. இடைப்பட்ட காலத்தில் எளிய மக்களின் வண்டிகளுக்குக் கிடைத்த பூட்டு அந்தத் தரத்தில் இல்லை.

மோட்டார் சைக்கிளுக்கு முன் சைக்கிள் இருந்தது. நகராண்மை அலுவலகங்கள் சைக்கிளுக்கு உரிமமும் எண் தகடும் வழங்கிய காலம் அது. தொழிலாளி ஒருவருக்கு அது பல மாதச் சேமிப்பு. அதைக் காத்தது பெரும்பாலும் மனிதக் கண். கடைவீடுகளின் முன்னே, மலாயில் 'காக்கி லீமா' எனப்படும் ஐந்தடி அகல நடைபாதையில், கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருந்த சீக்கியக் காவலாளியான 'ஜாகா', ஒவ்வொரு சைக்கிளையும் அதன் உரிமையாளரின் முகத்தோடு சேர்த்து அறிந்திருந்தார். குவார்ட்டர்ஸ் வரிசைகளில் வாசலில் அமர்ந்திருந்த பாட்டிமார் அந்த வேலையைச் சம்பளமின்றிச் செய்தனர். இந்த ஏற்பாடு முற்றிலும் குலைந்த ஒரு தருணமும் உண்டு. 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் நுழைந்த ஜப்பானியப் படை, மக்களிடமிருந்து பறித்தவற்றையும் சேர்த்து ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் தெற்கு நோக்கி விரைந்து, 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூரைப் பிடித்தது. துப்பாக்கி முன்னால் எந்தப் பூட்டும் பூட்டன்று என்பதை அந்தத் தலைமுறை நேரில் கண்டது.

1958-இல் ஹோண்டா நிறுவனம் ஜப்பானில் சூப்பர் கப் என்னும் சிறுவண்டியை வெளியிட்டது. பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ அதன் விநியோக உரிமையைப் பெற்று மலாயாவுக்குக் கொண்டுவந்தார். 'கப்' என்ற பெயரோடு, சிறியது என்று பொருள்படும் 'சாய்' என்ற சீன விகுதி சேர்ந்து 'கப்சாய்' ஆயிற்று. இன்றுவரை அந்த இனத்து வண்டிகள் எந்த நிறுவனத்துடையவையாக இருந்தாலும் மலேசியத் தமிழரின் பேச்சில் அவை கப்சாய்தான். பின்னே யமாஹா, சுசுகி வந்தன. 1980களில் யமாஹா ஆர்எக்ஸ்-இசட்டும் ஹோண்டா இஎக்ஸ்5-உம் வந்தன. 1996-இல் கெடாவின் குருண் நகரத் தொழிற்சாலையிலிருந்து மொடெனாஸ் நிறுவனத்தின் கிரிஸ் வந்தது. தோட்டப்புறத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களிலிருந்து நகருக்கு வேலை தேடி வந்த தமிழருக்குப் பேருந்து நேரத்துக்குக் கட்டுப்படாத முதல் விடுதலை இந்த வண்டியால் கிடைத்தது. பால்மரம் வெட்டியவரின் மகன் கிள்ளான் துறைமுகத்தில் இரவு வேலைக்கும், மகள் ஷா ஆலம் தொழிற்சாலைக்கும் செல்ல முடிந்ததற்குப் பின்னால் ஒரு கப்சாய் நின்றது என்பதைச் சமூக வரலாற்றாசிரியர்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அந்த வண்டியின் பூட்டைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்பது தகும். கட்டைவிரல் பருமனே உள்ள ஓர் உருளை. அதற்குள் நெடுக்குவாட்டில் அடுக்கிய மெல்லிய பித்தளைத் தகடுகள். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு துளை, பக்கத்தில் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும் மயிரிழை போன்ற வில்சுருள். சாவி உள்ளே இல்லாதபோது தகடுகளின் விளிம்புகள் உருளைக்கு வெளியே நீண்டு, சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். சரியான சாவி நுழைந்தால் அதன் பற்களின் மேடுபள்ளம் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்கு நகர்த்தும். எல்லாத் தகடுகளும் உருளையின் விளிம்போடு சமமாக நின்ற கணத்தில் உருளை சுழலும், மின்சுற்று இணையும், வண்டி உதைக்குக் காத்திருக்கும். லைனஸ் யேல் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் முழுமைப்படுத்திய ஊசிப் பூட்டைவிட இது மலிவு, எடை குறைவு, மழையையும் புழுதியையும் தாங்குவது. ஆனால் தகடுகள் சிலவே. அவை நிற்கக்கூடிய உயரங்களும் சிலவே. ஆகவே உற்பத்தியாளர் வெட்டக்கூடிய சாவி வடிவங்களுக்கு ஓர் எல்லை உண்டு. பத்தாண்டு ஓடிய வண்டியில் தகடும் தேயும், சாவியும் தேயும். தேய்ந்த சாவி ஒன்று, பக்கத்தில் நிற்கும் அதே இன வண்டியையும் திறந்துவிடுவது கப்சாய் உலகில் எல்லோரும் அறிந்த செய்தி.

தமிழ் மண்ணுக்குப் பூட்டுத்தொழில் புதிதன்று என்பதை இங்கே நினைவுகூரலாம். திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே பட்டறைகளில் கையால் வெட்டப்படும் ஒவ்வொரு பூட்டுக்கும் அதன் சாவி தனித்துப் பிறக்கிறது. மாங்காய்ப் பூட்டைச் செய்த கை, அதே சாவி மற்றொன்றைத் திறக்காதபடி நெம்புகோல்களை மாற்றி வைக்கும். தொழிற்சாலையில் இலட்சக்கணக்கில் அச்சடிக்கப்பட்ட வண்டிப் பூட்டில் அந்தத் தனித்தன்மையை எதிர்பார்க்க முடியாது. சூப்பர் கப் இன வண்டிகளின் உலக உற்பத்தி 2017-இல் 10 கோடியைத் தாண்டியது என்பதை எண்ணினால், கைவினைப் பூட்டுக்கும் பெருந்தொகை உற்பத்திப் பூட்டுக்கும் இடையிலான தூரம் புரியும்.

புதிய வண்டியோடு இரண்டு சாவிகள் வந்தன, அவற்றோடு எண் பொறித்த ஒரு சிறு உலோகத் தகடும் வந்தது. சாவியின் வெட்டு வடிவத்தைக் குறிக்கும் குறியீடு அந்த எண். மூலச் சாவியே இல்லாவிட்டாலும் எண்ணை மட்டும் கொண்டு புதிய சாவி வெட்டிவிடலாம். இதன் பொருள் அறியாமல் தகட்டையும் இரண்டு சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்துத் தொங்கவிட்டவர்கள், பூட்டையும் அதன் இரகசியத்தையும் ஒன்றாக ஊர் முழுக்கச் சுமந்து திரிந்தனர். விவரம் அறிந்த வீடுகளில் மாற்றுச் சாவி அரிசி டின்னுக்குள்ளோ, சாமிப் படத்தின் பின்னாலோ, தாயின் சேலை அடுக்கின் அடியிலோ போயிற்று.

சாவி தொலைந்தபோது மக்கள் சென்ற இடம், காக்கி லீமாவின் தூண் ஓரத்தில் ஒரு மேசையும் ஒரு மின்கம்பியுமாக அமர்ந்திருந்த சாவிக்காரரின் கடை. 'குஞ்சி பெண்டுவா', அதாவது இரட்டைச் சாவி, என்று எழுதிய பலகை. அதே மேசையில் ரப்பர் முத்திரையும் செய்யப்படும், செருப்பும் தைக்கப்படும். அவர் பயன்படுத்திய இயந்திரத்தில் இரண்டு பற்றுக்குறடுகள் பக்கம் பக்கமாக இருக்கும். ஒன்றில் மூலச் சாவி, மற்றதில் பல் வெட்டாத வெற்றுச் சாவி. மூலத்தின் பற்களை ஒரு முனை வருடிக்கொண்டே செல்ல, அதனோடு இணைந்த சுழல்கத்தி வெற்றுச் சாவியில் அதே ஏற்ற இறக்கத்தை அறுத்துக்கொண்டு போகும். பித்தளைத் தூள் மஞ்சள் பொடிபோல் மேசையில் குவியும். பின்னர் கம்பித்தூரிகையில் ஒரு முறை ஒற்றி, பிசிறை நீக்கி, விரல்நுனியால் தடவிப் பார்த்து, சூடு ஆறுமுன்னே கையில் தருவார். சில நிமிடத்தில் முடியும் இந்த வேலைக்குக் கேள்வி கிடையாது, கையெழுத்து கிடையாது, பதிவேடு கிடையாது. இரயில் நிலையத்து டோக்கன் பெட்டி எதைத் தடுக்கவென்றே அமைந்ததோ, அதாவது இரண்டாவது சாவி ஒருவரும் அறியாமல் பிறப்பதை, இந்த மேசை நாள்தோறும் நடத்தியது. இதனால் சாவிக்காரரைக் குறை சொல்வது அநீதி. பெரும்பாலும் முகம் தெரிந்தவர்களுக்கே அவர் வெட்டினார். தம் தெருவில் யாருக்கு எந்த வண்டி என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிமுகம் இருந்தவரை பதிவேட்டின் குறை பெரிதாகத் தெரியவில்லை.

அறிமுகத்தைக் கலைத்தது சாலை. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனித்தடம் அமைக்கப்பட்டது. உலகிலேயே இத்தகைய முதல் தடமாக அது குறிப்பிடப்படுகிறது. 1973-இல் தலைக்கவசம் சட்டத்தால் கட்டாயமாயிற்று. அதனோடு தலைக்கவசத் திருட்டும் பிறந்தது, இருக்கைக்கு அடியில் கவசத்தை மாட்டும் கொக்கிப் பூட்டும் பிறந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களுக்கு விற்கப்பட்டும் போனபின் சிதறிய குடும்பங்கள் பூச்சோங், காப்பார், ரவாங் என்று எங்கெங்கோ அடுக்குமாடிகளில் குடியேறின. இருபது வீட்டு லயத்தில் வாசலில் நின்ற வண்டி, இப்போது முகம் அறியாத முந்நூறு குடும்பங்களின் மாடிக்கு அடியில் நின்றது. பிரிக்பீல்ட்சிலும் அதே கதை வேறு உருவில் நடந்தது. மலாயா இரயில்வேயின் வண்டிப் பிரிப்பு முற்றமாக இருந்த 72 ஏக்கர் நிலத்தில் எழுந்த கேஎல் சென்ட்ரல் நிலையம் 2001-இல் திறக்கப்பட்டதும், கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் வருவோர் மட்டுமன்றி, வண்டியை இங்கே நிறுத்திவிட்டு இரயிலேறிப் போவோரும் பெருகினர். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் துன் சம்பந்தன் சாலையை 'லிட்டில் இந்தியா'வாகத் திறந்து வைத்தபின், பூக்கடைக்கும் புடவைக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் வருவோரின் வண்டிகள் வரிசை கட்டின. காலை எட்டு மணிக்கு நிறுத்திய வண்டியை மாலை ஏழு மணிவரை யாரும் தேடப்போவதில்லை என்பது, அதைக் கவனிப்பவருக்கும் தெரியும்.

இந்தக் கட்டத்தில் திருட்டின் நோக்கமும் மாறியது. சைக்கிள் காலத்துத் திருடர் முழு வண்டியை விற்றார். மோட்டார் சைக்கிளுக்கோ பதிவுச் சான்றும், சட்டகத்தில் பொறித்த எண்ணும், இயந்திரத்தில் பொறித்த எண்ணும் உண்டு. முழுதாக விற்பது கடினம். பிரித்து விற்பது எளிது. ஆர்எக்ஸ்-இசட், 125இசட், எல்சி135, ஒய்15இசட்ஆர் என்று ஒவ்வொரு காலத்திலும் இளைஞர் விரும்பிய வண்டிக்கு உதிரிப்பாகச் சந்தையும் பெரியதாக இருந்தது. சக்கரம், முன்கவை, இயந்திரம் என்று பிரிந்த பின் எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று கேட்பாரில்லை. சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 379ஏ பிரிவு, மோட்டார் வாகனத்தை மட்டுமன்றி அதன் பாகம் எதைத் திருடினாலும் ஓராண்டுக்குக் குறையாத, ஏழாண்டுக்கு மேற்படாத சிறையும், அதனோடு அபராதமும் விதிக்க இடம் தருகிறது. பொதுவான திருட்டைக் குறிக்கும் 379-ஆம் பிரிவில் குறைந்தபட்சச் சிறை இல்லை என்பதோடு ஒப்பிட்டால், வாகனத்தின் இழப்பு ஒரு குடும்பத்தின் வாழ்வாதார இழப்பு என்று சட்டமியற்றியோர் கருதியது தெளிவாகும்.

அந்த இழப்பின் முழுக் கனமும் விழுவது ஏழையின் மேல்தான். நாட்டில் கட்டாயமான காப்புறுதி மூன்றாம் தரப்பினருக்கானது. அதாவது தம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கு அது ஈடு தரும், வண்டி களவு போனால் ஒரு சென்னும் தராது. தீக்கும் திருட்டுக்கும் சேர்த்து எடுத்தால் கட்டணம் கூடும். பழைய கப்சாய்க்கு அதை எடுப்பவர் அரிது. வண்டி பெரும்பாலும் தவணையில் வாங்கப்பட்டது. 1967-ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டப்படி, கடைசித் தவணை கட்டும்வரை வண்டியின் உரிமை கடன் கொடுத்த நிறுவனத்திடமே இருக்கும். களவு போன வண்டிக்கும் தவணை நிற்பதில்லை. இரண்டாவது வண்டி வாங்கக் கையில் காசில்லை. வண்டியின்றி இரவு வேலைக்குப் போக வழியில்லை. வேலைக்குப் போகாவிட்டால் முதல் வண்டியின் தவணையைக் கட்ட முடியாது. காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல் ஒன்றே கையில் மிஞ்சும். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் மோட்டார் சைக்கிள் திருட்டு ஏன் சாவு வீட்டுத் துக்கத்தோடு பேசப்படுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆகவே மக்கள் தமக்குத் தெரிந்த வழிகளில் பூட்டைப் பெருக்கினர். கைப்பிடியை ஒருபுறம் திருப்பிப் பூட்டும் கழுத்துப் பூட்டு வண்டியோடே வந்தது. அது மெல்லியது என்று கண்டபின் ரப்பர் உறையிட்ட சங்கிலி, முன்சக்கர வட்டத்தகட்டின் துளையில் மாட்டும் தகட்டுப் பூட்டு, அசைத்தால் அலறும் ஒலிப்பெட்டி என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. பட்டறைக்காரர்கள் இன்னொன்றையும் செய்து தந்தனர்: மின்சுற்றின் நடுவே ஒரு மறைவுச் சுவிட்சை வைத்து, உரிமையாளர் மட்டும் அறிந்த இடத்தில் ஒளித்தனர். சாவியைப் போட்டுத் திருப்பினாலும் அந்தச் சுவிட்சைத் தட்டாவிட்டால் வண்டி இயங்காது. சில வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, செய்யக்கூடிய இந்த ஏற்பாடு, கருத்தளவில், விலையுயர்ந்த எந்தச் சாதனத்துக்கும் தாழ்ந்ததன்று. உலோகத்தோடு அறிவையும் சேர்த்தே வண்டி கேட்கவேண்டும் என்ற விதியை அது தானே கண்டுகொண்டது. 2000களில் நிறுவனங்களும் விழித்தன. சாவித்துளையை மூடும் ஒரு கதவு வந்தது. சாவியின் தலைப்பகுதியில் பதித்த காந்தங்கள் சரியான அமைப்பில் பொருந்தினால் மட்டுமே அக்கதவு விலகும். திருகுளியைத் துளையில் செருகித் திருப்பும் முரட்டு முயற்சியை அது ஓரளவு தடுத்தது.

கார்களின் உலகம் அதற்குள் வேறு திசையில் சென்றிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களில் இயக்கத்தடுப்பியைக் கட்டாயமாக்கியது. சாவியின் தலைக்குள் புதைத்த ஒரு சில்லு தன் குறியீட்டைச் சொன்னாலன்றி எரிபொருளையும் பொறியையும் விடாத மின்னணு அமைப்பே இயக்கத்தடுப்பி. அதன் அடுத்த படியாகப் பற்களே இல்லாத சாவி வந்தது. முதலில் பெரிய மோட்டார் சைக்கிள்களிலும் பிறகு, 2010களின் இறுதியிலும் அதன் பின்னும், ஹோண்டா பிசிஎக்ஸ், யமாஹா என்மேக்ஸ் போன்ற ஸ்கூட்டர்களின் வழியே மலேசியத் தெருக்களிலும் அது பரவியது. கடைக்காரர்களும் வாங்குவோரும் அதை 'ஸ்மார்ட் கீ' என்றோ 'கீலெஸ்' என்றோ சொல்கின்றனர்.

அதன் வேலை இப்படி நடக்கிறது. உரிமையாளர் வண்டியின் திருகுபொத்தானை அழுத்தியதும், வண்டியில் உள்ள சுருள்கம்பி தாழ்ந்த அலைவரிசையில் ஓர் அழைப்பை விடுக்கும். அந்த அலை ஓரிரு மீட்டருக்கு மேல் செல்லாது. சட்டைப்பையில் இருக்கும் சிறு பெட்டி, ஒரு ரூபாய் நாணயம் போன்ற சிஆர்2032 மின்கலத்தின் வலுவில், அழைப்பைக் கேட்டு விழித்து, உயர்ந்த அலைவரிசையில் தன் மறைகுறியீட்டைப் பதிலாக அனுப்பும். வண்டியின் நினைவகத்தில் பதிந்த குறியீட்டோடு அது பொருந்தினால் திருகுபொத்தான் விடுபடும். கழுத்துப் பூட்டும் இருக்கைப் பூட்டும் அதே திருகலில் அவிழும். கேள்வி ஒரு முனையிலிருந்தும் இசைவு மறுமுனையிலிருந்தும் வந்தாலன்றி எதுவும் அசையாது என்ற இந்த ஏற்பாட்டை, டோக்கன் பெட்டியை இயக்கிய யாழ்ப்பாணத்து நிலைய அதிபர் ஒருவர் இன்று பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

இந்தச் சாவிக்கும் குறை உண்டு. சூரிக் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 8 நிறுவனங்களின் 10 கார் மாதிரிகளைச் சோதித்து, சாவி தொலைவில் இருக்கும்போதே அலையை ஏந்திக் கடத்தி வண்டியை ஏமாற்ற முடியும் என்று காட்டினர். கோலாலம்பூரின் மோட்டார் சைக்கிள் விஷயத்தில் இந்த அச்சத்தைவிடப் பெரியது மிக எளிய ஒன்று: நூற்று இருபது, நூற்று முப்பது கிலோ எடையுள்ள வண்டியை நான்கு பேர் தூக்கிச் சரக்கு வேனில் ஏற்றிவிடலாம். பாகம் பாகமாகப் பிரிப்பவருக்கு அதை இயக்கவேண்டிய தேவையே இல்லை. எத்தனை நுட்பமான சாவியும் இயந்திரத்தைக் காக்குமே தவிர, இரும்பைக் காக்காது. அதனால்தான் ஸ்மார்ட் சாவி வண்டிக்காரர்களும் தூணோடு சேர்த்துச் சங்கிலி கட்டுவதை விடவில்லை. இன்னொன்றையும் மறைக்கலாகாது. தெருவில் ஓடும் வண்டிகளில் மிகப் பல இன்னும் தகட்டுப் பூட்டுடைய பழைய கப்சாய்கள். புதிய பாதுகாப்பு புதிய வண்டி வாங்க முடிந்தவருக்குக் கிடைத்தது. இழப்பைத் தாங்க முடியாதவர் கையில் இன்றும் தேய்ந்த பித்தளையே இருக்கிறது. இது பூட்டின் குறையன்று, விலையின் குறை. நிறுவனங்கள் மனம் வைத்தால் மலிவு வண்டியிலும் ஒரு சில்லைப் புதைக்க முடியும்.

மாற்றுச் சாவியின் தன்மையும் அடியோடு மாறியது. ஸ்மார்ட் சாவியைப் பித்தளைச் சாவிபோல் வருடிப் படியெடுக்க இயலாது. புதியதை வண்டியின் நினைவகத்துக்கு அறிமுகப்படுத்த வேண்டும், பழையதை மறக்கச் செய்யவும் வேண்டும். தொலைந்த சாவியை எடுத்தவர் பின்னாளில் வந்து வண்டியைத் திறந்துவிடுவார் என்ற பழைய பயத்துக்கு இது முடிவு கட்டியது. கப்சாய்க் காலத்தில் அதற்குப் பூட்டையே மாற்ற வேண்டியிருந்தது. பதிலுக்கு, சில வெள்ளியில் முடிந்த வேலை நூற்றுக்கணக்கான வெள்ளிச் செலவாயிற்று. வண்டியோடு தரப்படும் அடையாள எண் அட்டை பழைய உலோகத் தகட்டின் வாரிசு. சில வகைகளில், மின்கலம் தீர்ந்தாலும் சாவி தொலைந்தாலும், விளக்கு மினுங்கும் கணக்குக்கு ஏற்பத் திருகுபொத்தானை அழுத்தி அந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக உள்ளிட்டு வண்டியை எழுப்பலாம். ஆகவே அந்த அட்டையை இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியிலேயே போட்டு வைப்பவர், தகட்டைச் சாவிவளையத்தில் கோத்த தாத்தாவின் பிழையையே திரும்பச் செய்கிறார்.

சாவிக்காரரின் மேசையில் சுழல்கத்தி இயந்திரத்தின் அருகே இப்போது கையடக்கத் திரையுள்ள ஒரு பதிவுக்கருவியும் இடம்பிடித்துள்ளது. கற்றுக்கொண்ட இளையவர்கள் அதை இயக்க, மூத்தவர்கள் வீட்டுச் சாவியும் அலமாரிச் சாவியும் வெட்டுகின்றனர். புது வண்டியை முதலில் கோயிலுக்குக் கொண்டுபோகும் வழக்கத்தில் மட்டும் மாற்றம் சிறிது. சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப்படுகிறது, கைப்பிடியில் மாலை ஏறுகிறது, தட்டில் தேங்காயோடும் வெற்றிலையோடும் சாவி சன்னதிக்குள் போகிறது. முன்பு அர்ச்சகர் இரண்டு பித்தளைச் சாவிகளிலும் சந்தனமும் குங்குமமும் இட்டுத் திருப்பித் தருவார். இன்று கறுப்பு நெகிழிப் பெட்டிகளின்மேல் குங்குமம் விழுகிறது. ஒன்றை வாங்கியவர் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். மற்றதும் எண் அட்டையும் அன்று மாலையே வீட்டுச் சாமிப் படத்தின் பின்னால் போய்விடுகின்றன.